கொடுத்தவன் கணக்கில் இரண்டு, வாங்கியவன் கணக்கில் மூன்று

கண்மாயில் நான் விட்டது ஆயிரம் அலகு தண்ணீர். மழை இல்லை, வெயில் இல்லை, மடையும் திறக்கவில்லை. காபி போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் திரையின் மூலையில் 1,374 என்று நிற்கிறது. இன்னும் கால் மணி நேரத்தில் கரை வழிந்து ஊருக்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஊர் என்றால் பழுப்பு நிறத்தில் ஒன்பது சதுரங்கள்.

பகலில் நான் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறவன். இரவில் பொழுதுபோக்காக ஒரு சின்ன கேம் எழுதிக்கொண்டிருந்தேன்: ஒரு கண்மாய், ஒரு வாய்க்கால், பன்னிரண்டு வயல். பக்கத்துக் கட்டத்தைவிட உன் மட்டம் உயர்ந்திருந்தால் வித்தியாசத்தில் பாதியைக் கொடு என்பதுதான் தண்ணீருக்கு நான் வைத்த ஒரே விதி. அசையாமல் கிடந்தால் நீலச் சாயம் பூசிய மாதிரி இருக்கிறதே என்று காற்றுக்கு மெல்ல அலையடிக்கவும் வைத்தேன். வினை அங்கே பிடித்தது. வித்தியாசம் 5 என்றால் பாதி இரண்டரை. கழிக்கும் வரியில் அதை 2 ஆக்கியிருந்தேன், கூட்டும் வரியில் 3. கொடுத்தவன் கணக்கில் இரண்டு, வாங்கியவன் கணக்கில் மூன்று. ஒவ்வொரு அலைக்கும் எங்கிருந்தோ ஒரு அலகு தண்ணீர் பிறந்துகொண்டிருந்தது. கடைக்காரருக்கு பத்து பைசா இடித்தால் ராத்திரி உட்கார்ந்து தேடிக் கொடுக்கிற ஆள் நான். என் கண்மாயில் பற்று வரவு இடிப்பது மூன்று வாரம் என் கண்ணில் படவில்லை. அலை அவ்வளவு அழகாக இருந்தது.

அந்த மூன்று வாரத்துக்கு என் அசட்டை மட்டும் காரணமில்லை. நான் கற்றுக்கொண்ட விதத்துக்கும் அதில் பங்கு உண்டு.

கேம்களுக்கு சிமுலேஷன் எழுதப் பழகுகிறவர்கள் இன்று ஏறத்தாழ ஒரே படிக்கட்டில்தான் ஏறுகிறார்கள். முதல் படி கணிதவியலாளர் ஜான் கான்வேயின் ‘லைஃப்’. 1970 அக்டோபரில் மார்ட்டின் கார்ட்னர் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய பத்தி வழியாக உலகுக்குத் தெரிய வந்த விளையாட்டு. உயிருள்ள கட்டத்தைச் சுற்றி இரண்டோ மூன்றோ உயிர்கள் இருந்தால் அது பிழைக்கும், வெற்றுக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் அங்கே ஒன்று பிறக்கும், மற்றதெல்லாம் சாவு. அடுத்த படி கிரெய்க் ரெனால்ட்ஸின் ‘பாய்ட்ஸ்’, 1987-இல் கட்டுரையாக வந்த பறவைக்கூட்ட மாதிரி. அதற்கு மேலே துகள்கள், ஸ்பிரிங்குகள், மணல், தண்ணீர், எறும்புகள். டேனியல் ஷிஃப்மன் 2012-இல் வெளியிட்ட ‘தி நேச்சர் ஆஃப் கோடு’ நூலும் அவருடைய வீடியோக்களும் இந்தப் படிக்கட்டை உலகம் முழுக்க வீட்டுக்கு வீடு போட்டுக் கொடுத்தன. யூனிட்டி, கோடோ என்ஜின்களுக்கு யூடியூபில் கிடைக்கும் பாடங்களில் பல இதன் கிளைகள்தான்.

படிக்கட்டின் மந்திரம் ஒன்றே: சின்ன விதிகளை எழுது, பெரிய காட்சி தானாக எழும்.

இந்த மந்திரத்தை நான் மட்டம் தட்ட வரவில்லை. பாய்ட்ஸை முதல்முறை ஓடவிட்ட ராத்திரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பக்கத்தில் இருப்பவனை இடிக்காதே, பக்கத்தில் இருப்பவர்கள் போகிற திசையில் போ, அவர்களின் நடுவை நோக்கி நகர். அவ்வளவுதான் விதி. முதல் விதியை மட்டும் எழுதி ஓட்டினால் தரையில் கொட்டிய கடுகு மாதிரி நாலாபக்கமும் சிதறுகின்றன. இரண்டாவதைச் சேர்த்தால் ஒரே பக்கம் பார்த்து ஓடுகின்றன, ஆனால் ஒட்டவில்லை. மூன்றாவதையும் போட்டுத் தட்டினேன். திரையில் இருந்த இருநூறு முக்கோணங்கள் சாயங்காலம் வேடந்தாங்கலில் இறங்குகிற கூட்டமாகிவிட்டன. தலைவன் கிடையாது, வழி கிடையாது, கூட்டம் என்ற சொல்லே நிரலில் எங்கும் கிடையாது. 1992-இல் வந்த ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தின் வௌவால் கூட்டம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இந்த முறையின் பலம் அதன் உடனடித்தன்மை. ஒரு எண்ணை மாற்று, பார், மறுபடி மாற்று. தடுமாறுகிற ஆளை அடுத்த படிக்கு இழுத்துக்கொண்டு போக இதைவிட நல்ல கயிறு கிடையாது. வெக்டரும் விசையும் எனக்குப் பள்ளியில் புரிந்ததில்லை. சைன் அலை என்றால் என்ன என்று முப்பத்து நான்காவது வயதில் திரையில் ஒரு கயிற்றுப் பாலத்தை ஆட்டிப் பார்த்துத்தான் கற்றேன். அந்தக் கடனை மறந்தால் நன்றிகெட்டவன் ஆவேன்.

ஆனால் கண் மயங்குகிற இடத்தில் கணக்கு தூங்கிவிடுகிறது.

டிவார்ஃப் ஃபோர்ட்ரெஸ் ரசிகர்கள் சலிக்காமல் சொல்லும் பூனைக் கதையை எடுத்துக்கொள்வோம். டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் 2006-இல் முதலில் வெளியிட்டு வளர்த்துவரும் கேம் அது. 2015 கடைசியில், மதுக்கடைகள் சேர்க்கப்பட்ட புதிய பதிப்பில், பூனைகள் காரணமில்லாமல் செத்து விழுவதாக ஆட்டக்காரர்கள் முறையிட்டார்கள். தோண்டிப் பார்த்தால், கடையில் குடிகாரர்கள் சிந்திய பீர் தரையில் கிடக்கிறது. பூனை அதில் நடக்கிறது. காலை நக்கிச் சுத்தம் செய்கிறது. போதை தலைக்கேறிச் சாகிறது. யாரும் எழுதாத சாவு. சின்ன விதிகளிலிருந்து பெரிய கதை பிறப்பதற்கு இதைவிட அழகான சான்று உண்டா என்று கேட்பார்கள். அழகுதான். ஆனால் கடைசிக் கண்ணியைப் பாருங்கள்: காலில் ஒட்டிய ஒரு துளியை நக்கியதற்கு ஒரு முழுக் கோப்பை குடித்ததாக நிரல் பதிந்துகொண்டிருந்தது. என் கண்மாயில் நடந்ததும் அதுதான். தானாக எழுந்தது என்று மெச்சுகிற கதையில் பாதி, அளவு மாறிப்போன ஒரு வரவுப் பதிவு. எங்கே வியப்பு முடிந்து எங்கே பிழை தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டுகிற ஒரு பாடத்தைக்கூட அந்தப் படிக்கட்டில் நான் பார்க்கவில்லை.

இதற்கு மாற்று மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. டேவிட் ஆல் 1973-இல் வெளியிட்ட பேசிக் மொழிக் கேம்கள் புத்தகத்தில் ‘ஹமுராபி’ என்று ஒன்று உண்டு. படம் கிடையாது, எழுத்து மட்டும். நீங்கள் பண்டைய சுமேரியாவின் அரசர். கையில் 100 குடிகள், 1,000 ஏக்கர், 2,800 புஷல் தானியம். தலைக்கு வருஷத்துக்கு 20 புஷல் சோறு. ஒரு புஷல் விதையில் இரண்டு ஏக்கர் விதைக்கலாம். எல்லாருக்கும் சோறு போட்டால் 2,000 போச்சு. நிலம் முழுக்க விதைத்தால் இன்னும் 500. மிச்சம் 300. ஏக்கருக்கு 1 விளையுமா 5 விளையுமா என்பது பகடை. நடுவில் எலி தின்னும், கொள்ளை நோய் வந்து பாதிச் சனத்தைக் கொண்டுபோகும். பத்து வருஷம் தாக்குப்பிடிக்க வேண்டும்.

சில பக்கங்களில் அடங்குகிற நிரல்தான், ஆனால் எழுதிப் பார்த்தவனுக்குத் தெரியும் அதன் கறார். ஒவ்வொரு புஷலும் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று சொல்லியாக வேண்டும். மயக்க அங்கே அலை கிடையாது. பழகுகிறவர்கள் பறவைக்கூட்டத்துக்குப் போகும்முன் ஒரு வாரம் ஹமுராபியோடு குடித்தனம் நடத்தட்டும் என்பேன். இதைச் சொன்னால் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். எக்செல் ஷீட்டை கேம் என்கிறீர்களே என்று ஒருவர் கேட்டார். சிட்டி பில்டர் கேம்களின் தோலை உரித்தால் உள்ளே இருப்பது என்ன என்று நினைக்கிறாரோ தெரியவில்லை.

கணக்குக்கு அடுத்தது நேரம். என் கண்மாயை நண்பர் ஒருவரின் புதுக் கணினியில் ஓட்டினால் வாய்க்கால் காட்டாறாக ஓடியது. பிரேமுக்கு ஒருமுறை தண்ணீரை நகர்த்து என்று எழுதியிருந்தேன். என் பழைய மடிக்கணினியில் நொடிக்கு 30 பிரேம், அவருடையதில் 144. படம் எத்தனை முறை வரையப்பட்டாலும் உலகம் மட்டும் ஒரே அளவு அடி எடுத்து வைக்க வேண்டும் என்பது தொழிலின் அரிச்சுவடி. கேம் நிரலாளர் கிளென் ஃபீட்லர் 2004-லேயே இதை விளக்கி எழுதி, அந்தக் கட்டுரை இன்றுவரை கைமாறிக்கொண்டிருக்கிறது. ஃபேக்டோரியோ கேமின் தொழிற்சாலைகள் நொடிக்கு 60 அடி என்ற தாளத்தில் ஓடுவதும் இதே ஒழுங்கில்தான். இருந்தும் அறிமுகப் பாடங்களில் பெரும்பாலானவை இதைக் கடைசியில், “நேரமிருந்தால் பாருங்கள்” என்கிற தொனியில் தள்ளிவைக்கின்றன.

இந்த ஒழுங்கு இம்மி பிசகினாலும் என்ன ஆகும் என்பதற்கு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற போர் கேம் நல்ல பாடம். 1997-இல் டயல்-அப் மோடம் வழியாக எட்டுப் பேர் நூற்றுக்கணக்கான வீரர்களோடு மோத வேண்டும். ஒவ்வொரு வீரனின் இருப்பிடத்தையும் கம்பியில் அனுப்ப வழியில்லை. எனவே ஆட்டக்காரர்களின் கட்டளைகளை மட்டும் அனுப்பி, எட்டுக் கணினியும் ஒரே சிமுலேஷனைத் தனித்தனியாக ஓட்டின. பல்லாங்குழியில் ஒரே குழியிலிருந்து எடுத்தால் எந்த வீட்டில் ஆடினாலும் காய் ஒரே இடத்தில்தானே முடியும், அதே நியாயம். பிழை வந்தபோது அது எப்படி வந்தது என்று அதை எழுதியவர்களே பின்னாளில் விவரித்திருக்கிறார்கள்: வரைபடம் உருவானபோது ஒரு கணினியில் ஒரு மான் இம்மி விலகி நின்றது, அதனால் சற்றே வேறு பக்கம் மேய்ந்தது, சில நிமிடம் கழித்து ஒரு குடியானவனின் ஈட்டி குறி தவறியது, அவன் கறியில்லாமல் வீடு திரும்பினான். அதன் பிறகு எட்டுப் பேரும் ஒரே உலகத்தில் ஆடவில்லை. அந்த மானை வேலையில் சேர்ந்த பிறகு தேடுவதைவிட, கற்கும்போதே ஒருமுறை தொலைத்துப் பார்ப்பது மலிவு.

இதெல்லாம் கைத்திறன் சார்ந்த குறைகள். அடிபட்டால் யாரும் தேறிவிடுவார்கள். இந்தப் படிக்கட்டு சொல்லித்தரவே தராத ஒன்று இருக்கிறது. நீ எழுதியிருப்பது உலகத்தைப் பற்றிய ஒரு வாக்குமூலம் என்பதுதான் அது.

வில் ரைட்டின் நகரம் கட்டும் கேமான சிம்சிட்டி 1989-இல் வந்தது. நகரங்களின் வளர்ச்சியை அவர் படித்துக்கொண்டது எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டர் 1969-இல் எழுதிய ‘அர்பன் டைனமிக்ஸ்’ போன்ற நூல்களிலிருந்து. ஏழைகளுக்கு மலிவு வீடு கட்டிக் கொடுத்தால் நகரம் இன்னும் சீரழியும் என்று கணினி மாதிரியை வைத்து வாதிட்ட நூல் அது. அன்றே கடும் விவாதத்தைக் கிளப்பியது. சிம்சிட்டியின் நிரல் 2008-இல் ‘மைக்ரோபோலிஸ்’ என்ற பெயரில் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. நான் கற்றதிலேயே அதிகம் கற்றது எந்த டுடோரியலிலும் இல்லை, அந்த நிரலைப் படித்த சில வாரங்களில்தான். 120-க்கு 100 கட்டம் கொண்ட நகரம். அக்காலக் கணினி மூச்சுத் திணறாதபடி வேலையை 16 கூறாகப் பிரித்திருக்கிறார்கள்: வரைபடத்தை எட்டுப் பட்டையாக வெட்டி ஒவ்வொன்றாக வருடிவிட்டு, அப்புறம் வரி, மின்சாரம், மாசு, குற்றம், நெரிசல் என்று முறைவைத்துப் போகிறது. கட்டுச்சோறு கட்டுவது போல ஒரு சிக்கனம்.

குற்றத்தைக் கணக்கிடும் இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 128-இல் இருந்து அந்த இடத்தின் நில மதிப்பைக் கழி, மக்கள் நெரிசலைக் கூட்டு, காவல் நிலையத்தின் வீச்சைக் கழி. வந்த எண்தான் குற்றம். மலிவான நிலத்தில் நெருக்கமாக வாழ்வதே குற்றத்தின் ஊற்று. நேரடி மருந்து போலீஸ். அந்த நான்கைந்து வரியில் வேலையின்மைக்கு இடமில்லை, பள்ளிக்கூடத்துக்கு இடமில்லை, போலீஸே செய்கிற குற்றத்துக்கும் இடமில்லை. ரைட் யாரையும் ஏமாற்ற எழுதவில்லை; ஆட்டக்காரனுக்குப் புரிகிற, சிறிய நினைவகத்தில் அடங்குகிற ஒரு சூத்திரம் வேண்டியிருந்தது, எழுதினார். தொழில்நுட்பமாகப் பார்த்தால் கச்சிதம். ஆனால் நிரலைத் திறந்து பார்க்காத லட்சக்கணக்கான கைகளுக்கு அது நகரத்தின் இயல்பாகவே போய்ச் சேர்ந்தது. சமூகவியலாளர் ஷெர்ரி டர்க்கிள் 1995-இல் எழுதிய நூலில் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி வருகிறாள். சிம்சிட்டி ஆடி அவள் தொகுத்து வைத்திருந்த விதிகளில் ஒன்று, வரியை உயர்த்தினால் எப்போதும் கலவரம்தான் வரும் என்பது. அது கேமின் விதியா உலகத்தின் விதியா என்று அவளுக்குக் கேள்வி எழவில்லை. எழுதப் பழகுகிறவர்களுக்கே எழாதபோது அவளைச் சொல்லி என்ன பயன்?

எதை விடுவது என்பதும் வாக்குமூலம்தான். 2013-இல் வந்த புதிய சிம்சிட்டியின் முதன்மை வடிவமைப்பாளர் ஸ்டோன் லிப்ராண்டே ஒரு பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார்: உண்மையான இடங்களை அளந்து பார்த்தபோது வாகன நிறுத்துமிடங்கள் மலைக்கவைக்கும் அளவு இடத்தை விழுங்கியிருந்தன, அப்படியே வைத்தால் கேம் சலித்துவிடும், எனவே அவை நிலத்தடியில் இருப்பதாக வைத்துக்கொண்டார்கள். இதை நான் குறையாக மட்டும் சொல்லவில்லை. வெட்டத் தெரியாதவன் சிமுலேஷன் எழுத முடியாது. ஆனால் காரை வைத்துக்கொண்டு, கார் நிற்கிற இடத்தை மட்டும் மறைத்தால், காரின் விலை பாதியாகத் தெரியும்.

நேர்மாறான கோளாறும் உண்டு: எதையும் வெட்டாமல் எல்லாவற்றையும் உயிர்ப்பிக்கும் ஆசை. பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் அல்டிமா ஆன்லைன் என்ற கேம் 1997-இல் வெளியாவதற்கு முன் அதன் குழு ஒரு முழு உணவுச் சங்கிலியை எழுதியது. ஓநாய் முயலைத் தேடும், இரை குறைந்தால் வேறு பக்கம் அலையும். ஆட்டக்காரர்கள் உள்ளே வந்தார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் பிறந்த வேகத்தில் வெட்டிச் சாய்த்தார்கள். பசிப்பதற்குக்கூட ஓநாய்க்கு அவகாசம் கிடைக்கவில்லை. அப்படியொரு சூழலியல் ஓடுவதே வந்தவர்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் அதைக் கழற்றிப் போட்டார்கள். படிக்கட்டுப் பாடங்களில் பார்ப்பவன் ஒருவன்தான், எழுதியவனே. தான் வைத்த விதி தனக்குத் தெரியும் என்பதால் திரையில் எல்லாமே அர்த்தத்தோடு அசைகிற மாதிரி அவனுக்குப்படும். வேறொருவர் கையில் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் பாடத்தில் இருக்க வேண்டும்.

அப்படித்தான் நானும் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மடிக்கணினியைச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். மடை முறையில் தண்ணீர் பாய்ச்சியே வயசானவர்.

அதற்கு ஒரு முன்கதை சொல்ல வேண்டும். கண்மாய் வழிவதைச் சரிசெய்த பிறகு வேறொரு பிழை முளைத்திருந்தது. முதல் மூன்று வயல் எப்போதும் ததும்பும், கடைசி இரண்டு எப்போதும் காயும். மடையில் எவ்வளவு திறந்தாலும் அதே கதை. தேடினால், வயல்களைப் பட்டியலில் இருந்த வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு வேண்டியதைக் குடிக்கவிட்டிருந்தேன். பட்டியலின் தலையில் இருந்தவன் வயிறு முட்டக் குடித்தான், வாலில் இருந்தவனுக்கு மிச்சம் ஒன்றுமில்லை. எழுதியவனின் விரல் எந்த வரிசையில் வயலை வரைந்ததோ அந்த வரிசைதான் விதியாகிவிட்டது. கற்றவர்கள் சொல்லும் தீர்வையே செய்தேன்: முதலில் எல்லாருடைய தேவையையும் கேட்டு வாங்கு, பிறகு இருப்பதை விகிதப்படி ஒரே நேரத்தில் பங்கிடு. பன்னிரண்டு வயலும் ஒரே பச்சையில் மின்னின. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மடையைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

“எந்த ஊருலடா கடைமடைக்கும் தலைமடைக்கும் ஒரே மாதிரி தண்ணி பாயுது?”

பழைய பிழையைப் பற்றிச் சொல்லி, பழைய பதிப்பைத் தேடியெடுத்து ஓட்டிக் காட்டினேன். முதல் வயல்கள் ததும்பின, கடைசி இரண்டும் வெடித்துக் கிடந்தன. “ம், இதுதான்” என்றார். தலையாட்டிக்கொண்டே திரையில் முதல் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

“இது யாரு வயலு?”

என்னிடம் பதில் இல்லை. நிரலில் அந்த வயலுக்குப் பெயர் பூஜ்யம்.